கும்பிடுபூச்சி வளர்ப்பும் குஞ்சுகளின் ஆகாரமும்

(மதுரை மாட்டுத்தாவணியில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கும்பிடுபூச்சியை வீட்டில் வைத்து வளர்க்கவேண்டும், அது இட்ட முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் பெரிதாவதைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்லும் வார்த்தை, ஈ வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். கேட்பவர்களின் முகம் சற்றே சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் இன்று நான் சொல்ல வந்த விஷயத்தின் சாரம் அதுவே ஆகையால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பூச்சியைப் பேணுவது எளிது. முட்டை பொரிவதோ நம்முடைய பிரயாசை ஏதுமின்றித் தானே நடப்பது. பொரிந்த அன்று தொடங்கி இரண்டு மூன்று முறை தோலுரித்துச் சற்றே வலுப்பெறும் வரையில், எறும்பளவே உள்ள அந்த ஜந்துக்களுக்கு, உயிரோடு அசைகின்ற ஆகாரம் நாள் தவறாமல் கிடைக்கும்படி செய்வதே இந்தக் கலையில் முக்கால் பங்கு.

பூச்சியை அறியாதவர்கள் இந்தச் சபையில் இருக்கமாட்டார்கள். முக்கோணமான தலை, பின்புறம் திரும்பிப் பார்க்கவல்ல கழுத்து, நெஞ்சின் முன்னே மடித்து வைத்த, முள் வரிசை பொருந்திய முன்னங்கால்கள், நாழிகைக் கணக்கில் அசையாமல் நிற்கும் பொறுமை, இவையே அதன் லட்சணங்கள். இந்தியாவில் இக்குலத்தைச் சேர்ந்த வகைகள் 160க்கு மேல் உண்டென்று பூச்சியியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றை முறையாகப் பட்டியலிடும் வேலையைக் கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வுட்-மேசன் 1889ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிடத் தொடங்கினார். நம் தென்பாண்டிச் சமவெளியில் நாம் அடிக்கடி காண்பது, செடி கொடிகளில் இலையோடு இலையாக இருக்கும் பெரிய பச்சை வகையாகும். ஹீரோடுலா என்பது அதன் சாஸ்திரப் பெயர். புல்லின் நடுவே புல்லாகவே நிற்கும் ஒல்லியான வகையும் உண்டு. மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் தட்டையான வகையும் உண்டு. இவற்றை எல்லாம் விட என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1758இல் லின்னேயஸ் விவரித்த, இன்று காங்கைலஸ் காங்கைலோடிஸ் என்று வழங்கும் இப்பூச்சி, தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளுக்கும் இலங்கைக்கும் உரியது. உருவத்தைக் கண்ட மேல்நாட்டார் இதற்கு வயலின் பூச்சி என்று பெயர் வைத்தார்கள். குச்சியைப் போன்ற நீண்ட மெல்லிய கழுத்துப்பகுதி. அதன் மேல்முனையில் மட்டும் இருபுறமும் இலை விரிந்தாற்போல் அகன்ற ஒரு தகடு. கால்களில் ஆங்காங்கே காய்ந்த சருகு ஒட்டியது போன்ற மடல்கள். மேலிருந்து பார்த்தால் காய்ந்து சுருண்ட இலை என்றே சொல்லலாம். ஆனால் இது கிளையின் அடியில் தலைகீழாகத் தொங்கும் சுபாவமுடையது; அப்போது அதன் மார்புப்புறம் வெளியே தெரிகிறது. அந்த அகன்ற தகட்டின் உட்பக்கத்தைக் கையகல தூரத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். இளநீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம், ஓரத்தில் செம்மை படர்ந்து, நடுவே கறுத்த ஒரு பொட்டு. ஒரு செடியில் அப்போதுதான் மலர்ந்த பூ அது என்று பறந்துவரும் ஈ நினைப்பதில் வியப்பில்லை. கல்கத்தா அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த ஜான் ஆண்டர்சன், 1877ஆம் ஆண்டில் வங்காள ஆசியச் சங்கத்தில் இந்தப் பூத்தோற்றத்தைப் பற்றி எடுத்துரைத்தார். 1904ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் என்பவர் இதன் வாழ்க்கை வரலாற்றை இலண்டன் பூச்சியியல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். அதற்குப் பின் இப்பூச்சியைத் தம் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆர்வலர்கள். அவர்கள் பெட்டிக்குள் விளக்கெரித்தும் மின்சாரத்தால் சூடேற்றியும், 35 முதல் 40 டிகிரி வரை வெப்பமும் வறண்ட காற்றும் இருக்கும்படி செய்து, அதன் ஜன்மபூமியைச் செயற்கையாகப் படைத்துத் தருகிறார்கள். அந்த ஜன்மபூமியின் வெயிலும் காற்றும் நமக்கு இந்த மாட்டுத்தாவணியில் விளக்கும் வேண்டாமல், செலவும் இல்லாமல் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் இதன் பெயரைக்கூட அறியாத பள்ளிப் பிள்ளைகளை இங்கே நான் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இனி ஆகாரத்தின் விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிகளின் வாழ்க்கையை உற்றுநோக்கி எழுதுவதில் ஒப்பற்றவராகிய பிரெஞ்சு நாட்டு ஆன்றி ஃபாபர், செரிஞான் என்ற சிற்றூரில் தம் வீட்டில் கும்பிடுபூச்சிகளைக் கம்பிவலைக் கூண்டுகளில் வைத்திருந்தார். அவற்றுக்கு வேண்டிய வெட்டுக்கிளிகளைத் தாம் ஒருவரே பிடித்துத் தீராமல், ஊர்ச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டும் முலாம்பழத் துண்டும் கொடுத்துப் பிடித்துவரச் செய்தார். பெரிய பூச்சிகள் இவ்விதம் நன்றாகவே வாழ்ந்தன. ஆனால் முட்டைகள் பொரிந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவந்தபோது அந்த மகாமேதை திகைத்து நின்றார். ரோஜாச் செடியின் அசுவினியைக் கொடுத்துப் பார்த்தார், குஞ்சுகள் தொடவில்லை. கொசுவைப் போன்ற நுண்பூச்சிகளைக் கொடுத்தார், பயனில்லை. ஈயின் மாமிசத்தை நறுக்கி வைத்தார், அதையும் ஏற்கவில்லை. குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. இந்தத் தோல்வியை அவர் தம் நூலின் 5ஆம் தொகுதியில் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். அந்தத் தொகுதி 1897ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தனை நுட்பமான கண்ணுடையவருக்கும் கிடைக்காத அந்த முதல் ஆகாரம், சில ஆண்டுகளுக்குள் வேறொரு தேசத்தில், கும்பிடுபூச்சியை நினைத்தே பாராத மனிதர்களின் கையில் கிடைத்தது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற பேராசிரியர், பாரம்பரியக் குணங்கள் தலைமுறைக்குத் தலைமுறை செல்லும் விதத்தை ஆராய்வதற்காக, கனிந்த பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈயை, வாழைப்பழம் இட்ட பால் புட்டிகளில் ஆயிரக்கணக்கில் வளர்த்தார். 1910ஆம் ஆண்டில் அப்புட்டிகளில் ஒன்றில் சிவந்த கண்ணுக்குப் பதிலாக வெள்ளைக் கண்ணுடன் ஓர் ஈ தோன்றியதும், அதிலிருந்து பாரம்பரிய சாஸ்திரம் புதிய பாதையில் சென்றதும், 1933இல் மார்கனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் மாணவர்கள் படித்த செய்திகள். அந்தச் சாஸ்திரத்தின் மேன்மையைச் சொல்வது இங்கே என் நோக்கமன்று. ஒரு பிராணியைப் புட்டிக்குள் இடைவிடாமல், குறைந்த செலவில், எத்தனை வேண்டுமானாலும் உற்பத்தி செய்யும் முறை அங்கே உருவாயிற்று. அந்த முறை உலகமெங்கும் கல்லூரிகளுக்குப் பரவியது. நம் அண்டை ராஜ்யத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்த ஈயின் வகைகளைப் பேணுவதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஃபாபர் தேடிக் காணாத முதல் ஆகாரம் இந்த ஈதான். பொரிந்த மறுநாளே குஞ்சுகள் இதைப் பாய்ந்து பிடிக்கின்றன.

இதை வளர்ப்பதற்கு ஆராய்ச்சிசாலை வேண்டாம். இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பழ மார்க்கெட்டில், மாலை நேரத்தில் விலைபோகாமல் ஒதுக்கிவைத்த, தோல் கறுத்த பூவன் பழம் சிலவற்றை வாங்கி வாருங்கள். தோலை நீக்கி, பழத்தைப் பிசைந்து, அதனோடு சிறிது ரவையும் ஒரு சிட்டிகை ஈஸ்டும் சேர்த்து, வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நிரப்புங்கள். புழுக்கள் ஏறிக் கூடுகட்டுவதற்காகச் சற்றுக் கசக்கிய தடித்த காகிதம் ஒன்றை உள்ளே செருகுங்கள். புட்டியின் வாயைத் திறந்தபடி ஒரு நாள் சமையலறை ஜன்னலில் வைத்தால், அழைக்காமலே ஈக்கள் வந்துசேரும். வந்தபின் மல்துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாக 10 நாள் ஆகும். ஒரு புட்டி தீரும்போது அடுத்தது தயாராக இருக்கும்படி, நாலைந்து நாட்களுக்கு ஒன்றாகப் புட்டிகளை வரிசையாக ஆரம்பித்துக்கொண்டே போகவேண்டும். இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் மதுரைவாசிகள் கவனிக்கவேண்டிய ஒரு சங்கடம் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. வயலின் பூச்சிக்கு அது உத்தமமான காலம். அதன் ஆகாரமாகிய ஈக்கோ அது நாச காலம். 30 டிகிரிக்கு மேல் வளர்ந்த ஆண் ஈக்கள் மலடாகிவிடுகின்றன. புட்டியில் ஈக்கள் பறப்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர், அடுத்த வாரம் ஒரு புழுவும் இல்லாததைக் கண்டு காரணம் தெரியாமல் கலங்குவார். ஆகவே பூச்சிப் பெட்டியை வெயில் தாழ்வாரத்திலும், ஈப் புட்டியைக் குடிநீர்ப் பானை வைக்கும் ஈரமணல் மேடையிலும் வைப்பதே தக்கது. பறக்க இயலாதபடி சிறகு குறுகிய ஈ வகை ஒன்று கல்லூரிகளில் கிடைக்கும். கையாள்வதற்கு அது சௌகரியமானதே. ஆனால் அதையும் நம் கோடையில் வளர்த்தால், வெப்ப மிகுதியால் குறுகிய சிறகு சற்று நீண்டு வளர்ந்துவிடுகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். மேலும், வயலின் பூச்சியின் குஞ்சு பறக்கும் இரையையே விரும்புவது. ஊர்ந்து செல்வதை அது பலமுறை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பறக்கும் ஈயே நல்லதென்பது என் அபிப்பிராயம். பச்சை வகையின் குஞ்சுக்கு எது கொடுத்தாலும் சரி.

ஈக்கள் கூட்டைப் பிளந்து வெளிவருவது பெரும்பாலும் விடியற்காலையில். இது அவற்றின் உடலுக்குள்ளேயே அமைந்த ஒரு கடிகாரத்தின் ஆணை. அந்த உட்கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவராகிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், பழ ஈயிலும் வௌவாலிலும் கால ஒழுங்கை ஆராய்ந்தவர். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இவ்வூரைச் சுற்றியுள்ள குகைகளின் இருளில் வாழும் வௌவால்கள் மாலைப்பொழுதை எவ்வாறு அறிகின்றன என்பதைத் தம் மாணவர்களோடு சேர்ந்து கண்டறிந்தவர். அத்தகைய சாஸ்திரத்திலிருந்து பூச்சி வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பிரயோஜனம் சிறியதுதான், ஆனால் தினமும் பயன்படுவது: புட்டியைக் காலை வேளையில் தட்டினால் இளம் ஈக்கள் மிகுதியாகக் கிடைக்கும், குஞ்சுகளும் அந்நேரத்தில் பசியோடு இருக்கும்.

ஆகாரத்தைச் சேகரித்துக்கொண்ட பிறகே முட்டைக் கூட்டைத் தேடிப் புறப்படவேண்டும். பெண்பூச்சி முட்டைகளை ஒரு நுரையில் பொதிந்து குச்சியில் ஒட்டிவைக்கிறது. நுரை காற்றுப்பட்டுச் சற்று நேரத்தில் இறுகிக் கெட்டியாகி, வெயிலுக்கும் மழைக்கும் அசையாத பெட்டகமாகிறது. பச்சை வகையின் கூட்டில் நூறு, இருநூறு குஞ்சுகள் இருக்கும். வயலின் பூச்சியின் கூடு சிறியது, அதில் 30, 40 என்ற அளவிலேயே எதிர்பார்க்கலாம். கூட்டைக் குச்சியோடு வெட்டி எடுத்து, இயற்கையில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கமே மேலாக இருக்கும்படி, அடியில் ஒரு சாண் வெற்றிடம் விட்டுத் தொங்கவிடவேண்டும். அந்த வெற்றிடத்தின் அவசியம் பொரியும் நேரத்தில் தெரியும்.

அதை அருகிலிருந்து காண்பது ஒரு பாக்கியம். காலைப்பொழுதில் கூட்டின் நடுக்கோட்டில் உள்ள செதில்களின் இடுக்கிலிருந்து மஞ்சள் நிறத் துளி ஒன்று பிதுங்குகிறது; அதன் பக்கத்தில் இன்னொன்று; சிறிது நேரத்தில் கூடு முழுவதும் அத்தகைய துளிகள். ஒவ்வொரு துளியிலும் இரண்டு கறுத்த கண்கள். கைகால்களை உடலோடு ஒட்டி மெல்லிய உறையில் சுருட்டிய புழுவைப் போன்ற உருவில் அவை வெளிவந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளில் தொங்குகின்றன. தொங்கியபடியே நெளிந்து நெளிந்து உறையைக் கழற்றுகின்றன. அதுவே அவற்றின் முதல் தோலுரிப்பு. உறை கழன்றதும் ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும் விடுபட்டு, கூப்பிய கையோடு ஒவ்வொன்றும் கும்பிடுபூச்சி என்று சொல்லும்படி நிற்கிறது. கால் இறுகும் வரையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கி அசைவதைத் தொடக்கூடாது. வயலின் பூச்சியின் குஞ்சுகள் வயிற்றைப் பின்புறமாக முதுகின்மேல் வளைத்துக்கொண்டு, காற்றில் அசையும் சருகுத் துணுக்காகவே காட்சி தரும்.

அன்றைய தினம் எறும்பைப் பற்றிய அஜாக்கிரதை கூடவே கூடாது. தோல் இறுகாத குஞ்சு எறும்புக்கு எதிர்த்து நிற்க இயலாது. ஃபாபரும் தம் தோட்டத்தில் எறும்புகள் கூட்டின் வாயிலிலேயே காத்திருந்து அவற்றைக் கொள்ளையிடுவதைக் கண்டிருக்கிறார். சமையலறை அலமாரியின் கால்களுக்கு வைக்கும் நீர்க்கிண்ணங்களையே பெட்டியின் கால்களுக்கும் வைத்துவிடுங்கள்.

பச்சை வகையின் குஞ்சுகளை முதல் வாரம் கழிந்ததும் தனித்தனி தம்ளர்களில் பிரித்துவிடவேண்டும். ஆகாரம் குறையும்போது ஒன்றையொன்று உண்ணும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. வயலின் பூச்சியின் குஞ்சுகளோ, வயிறு நிறைந்திருக்கும் வரை ஒரே பெட்டியில் ஒற்றுமையாக வாழ்கின்றன. இந்தச் சாதுவான குணத்தாலேயே முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்கிறேன். வளர வளர ஈயின் அளவும் வளரவேண்டும். வீட்டு ஈயைக் குப்பைமேட்டிலிருந்து பிடித்துக் கொடுப்பது ஆபத்து. கோதுமைத் தவிட்டில் பாலைக் கலந்து புட்டியில் வைத்து நாமே அதையும் வளர்த்துக்கொள்ளலாம். இரவில் விளக்கடியில் விழும் சிறு அந்துப்பூச்சிகளும் நல்ல ஆகாரமே. கரப்பானை மட்டும் பிடித்துக் கொடுக்காதீர்கள். எந்த வீட்டில் எந்த மருந்தைத் தின்று வந்ததோ நாம் அறியோம். மார்க்கெட்டுக்கு வரும் மல்லிகையின் செடியில் இருந்து பிடித்த பூச்சிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணம் நம் பெருமை. ஆனால் மொட்டுப்புழுவுக்காக அடிக்கும் மருந்து மொட்டுப்புழுவோடு நில்லாமல் கும்பிடுபூச்சியையும் அதன் இரையையும் சேர்த்தே கொல்கிறது.

குஞ்சு ஏழெட்டு முறை தோலுரித்துப் பெரிதாகிறது. ஒவ்வொரு தோலுரிப்பும் ஒரு கண்டம். அதற்குச் சில நாள் முன்பே ஆகாரத்தை மறுக்கும். பெட்டியின் மேற்புறத்தில் பின்னங்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கும். அந்நிலையில் பட்டினி கிடக்கிறதே என்று ஈயைப் போடுவது அன்பினால் செய்யும் கேடாகும். தோல் இளகிய பூச்சியின் மேல் ஈ வந்து உட்கார்ந்தாலும் அது பிடி நழுவி விழலாம். கழுத்தின் பின்புறம் தோல் பிளக்கிறது; பூச்சி தன் பழைய உருவத்துக்குள்ளிருந்து மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வழிந்து இறங்குகிறது; கால்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளிவருகின்றன; கடைசியில் வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலில் சிக்கியிருக்க, உடல் முழுதும் அந்தரத்தில் தொங்குகிறது. கால்கள் சற்று இறுகியதும் உடலை வளைத்து மேலே எம்பி, தன் பழைய தோலையே பற்றிக்கொள்கிறது. விழுந்தால் கால் கோணிவிடும். சில வேளை உயிரே போகும். ஆகையினால்தான் பெட்டியின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும் என்பது. மேற்புறம் வழுவழுப்பாக இல்லாமல் கொசுவலை கட்டியிருக்கவேண்டும் என்பதும் அதனால்தான். மாலையில் ஒருமுறை தெளிப்பானால் நீரைப் பூவாகத் தூவினால் போதும்; வயலின் பூச்சிக்கு அதையும் மிகக் குறைவாகவே செய்யவேண்டும்.

இனவிருத்தி செய்ய விரும்புவோர் ஆண் பெண் அடையாளத்தை அறிந்திருக்கவேண்டும். அடிவயிற்றைப் பார்த்தால் பெண்ணுக்கு 6 வளையமும் ஆணுக்கு 8 வளையமும் தெரியும். வயலின் பூச்சியிலோ வேறு கணக்கே வேண்டாம். முதிர்ந்த ஆணின் உணர்கொம்புகள் இருபுறமும் இழைகள் விரிந்து சிறகைப் போன்றவை, பெண்ணுடையவை மெல்லிய நூலைப் போன்றவை. ஆண் முந்தி முதிர்ந்து முந்தி மடிவது இக்குலத்தின் வழக்கம். ஒரே கூட்டில் பிறந்தவற்றை ஒரே விதமாக வளர்த்தால், பெண் பருவமெய்தும்போது ஆண்களின் ஆயுள் முடிந்திருக்கலாம். அதனால் அனுபவசாலிகள், ஆண்களை நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்து ஆகாரத்தைச் சிறிது குறைத்தும், பெண்களை வெதுவெதுப்பில் வைத்து ஆகாரத்தை மிகுத்தும், இரு பாலாரின் பருவத்தையும் ஒன்றுசேர்க்கிறார்கள். பெண் கடைசித் தோலை உரித்து மூன்று வாரமாவது சென்றபின் சேர்ப்பது நலம். மாலை வேளையில் பெண் தன் வயிற்று நுனியைச் சற்று வளைத்து, நம்மால் உணர முடியாத ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. ஆண் அதை அந்த இழைக் கொம்புகளால் முகர்ந்து பறந்து வருகிறது.

அந்த இரவுப் பயணத்தில் ஆணுக்கு வௌவாலின் பயம் உண்டு. கும்பிடுபூச்சியின் மார்பின் அடியில், பின்னங்கால்களுக்கு இடையே, ஒரேயொரு செவி இருக்கிறது என்பதை யாகர், ஹாய் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1986ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மனிதச் செவிக்கு எட்டாத வௌவாலின் கூவலை அது கேட்கிறது. கேட்டதும் பறக்கும் பூச்சி சட்டெனத் திசைமாறித் தரையை நோக்கிப் பாய்ந்துவிடுகிறது. நம் சமணர் மலையைச் சுற்றிய இருட்டில் ஒவ்வோர் இரவும் நடக்கிற இந்த நாடகத்தைக் காதால் கேட்க நமக்கு வழியில்லை.

பெண்பூச்சி ஆணைத் தின்றுவிடும் என்ற பேச்சு நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. அது முழுப்பொய்யன்று. தலை போன பிறகும் ஆணின் உடல் தன் காரியத்தைச் செய்து முடிப்பதைக் கென்னத் ரோடர் 1935இல் விளக்கினார். உண்ணப்பட்ட ஆணின் சத்து முட்டைகளைச் சென்றடைகிறது என்பதும் 2016இல் சீன வகையொன்றில் அளந்து காட்டப்பட்டது. ஆயினும் பெண்ணை நன்றாக உண்பித்து, மனித நடமாட்டமில்லாமல் விட்டுப் படம் பிடித்தபோது, ஆண்கள் சேதமின்றித் திரும்பியதை லிஸ்கே, டேவிஸ் என்ற இருவர் 1980களில் கண்டார்கள். ஆகவே சேர்க்கும் நாளில் பெண்ணின் கையில் பெரிய ஈ ஒன்றைக் கொடுத்து, அது உண்டுகொண்டிருக்கும்போது ஆணைப் பின்புறமாக விடுவதே முறை. பெட்டி விசாலமாக இருக்கவேண்டும். சேர்ந்து பிரிந்ததும் ஆண் பறந்து ஒதுங்க அதில் இடம் வேண்டும். வயலின் பூச்சியில் இந்த அபாயம் மிகவும் குறைவு.

ஒருமுறை சேர்ந்த பெண் அதன்பின் பல கூடுகளை இடும். வயலின் பூச்சியின் கூடு நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்துக்குள் பொரியும். சேராத பெண்ணும் கூடு இடுவதுண்டு, அவை பொரியா. காட்டிலிருந்து கொண்டுவந்த கூட்டில், குஞ்சுகளுக்குப் பதிலாக, நீண்ட வாலூசியுடைய பளபளக்கும் பச்சைக் குளவிகள் சில பறந்து வந்தால் ஏமாறவேண்டாம். பொடாகிரியான் என்னும் அச்சிறு குளவி, நுரை இறுகிய கூட்டின் வழியே தன் ஊசியைச் செலுத்தி முட்டைகளுக்குள் தன் சந்ததியை வைத்துச் சென்றிருக்கிறது. வெளியிலிருந்து எடுத்த கூட்டை மல்துணி கட்டிய தனிப் புட்டியில் வைப்பது அதற்காகவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டின் மேல் பூசணம் படர்வதும் உண்டு. காற்றோட்டமே அதற்கு மருந்து.

இனி, மிஞ்சிய குஞ்சுகளை என்ன செய்வது என்ற கேள்வி. நூற்றைம்பது குஞ்சுகளை ஒருவர் வளர்த்துத் தீராது. தாயையோ கூட்டையோ எடுத்த புதரிலேயே அவற்றை விட்டுவிடலாம். அவற்றுள் பெரும்பகுதி பல்லிக்கும் சிலந்திக்கும் பறவைக்கும் ஆகாரமாகும், அது அந்தப் புதருக்கு நாம் திருப்பித் தரவேண்டியதே. வேறு தேசத்துப் பூச்சியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியில் விடக்கூடாது. நியூசிலாந்தில் 1978இல் முதன்முதலாகக் காணப்பட்ட ஆப்பிரிக்கக் கும்பிடுபூச்சியின் பெண்கள், அந்நாட்டுப் பூச்சியின் ஆண்களைத் தம் வாசனையால் ஈர்த்து உண்டுவிடுகின்றன என்பது தெளிவாகக் கண்ட செய்தி. பயிருக்குக் காவல் என்று எண்ணிக் கும்பிடுபூச்சியை விலைக்கு வாங்கி வயலில் விடுவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். இது புழுவையும் தின்னும், தேனீயையும் தின்னும், தன் தங்கையையும் தின்னும். வனத்துறையின் எல்லைக்குள் அனுமதியின்றி எதையும் எடுக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கண்ணாலும் காமிராவாலும் மட்டுமே சேகரிக்கலாம். நம் காட்டுப் பூச்சிகளைக் கேட்டு வெளிநாட்டார் யாரேனும் எழுதினால், ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ அவற்றைத் தருவதற்கு 2002ஆம் ஆண்டின் சட்டப்படி, சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பதை அவர்களுக்கு மறுமொழியாக எழுதுங்கள்.

உங்கள் வீட்டு வேலியிலோ வயல் வரப்பிலோ கிடைக்கும் கூடு ஒன்றே போதும். தை மாதத்தில் ஈப் புட்டிகளைத் தொடங்குங்கள். இரண்டு புட்டி தோற்று மூன்றாவது நிலைபெறுவதற்குள் மாசி வந்துவிடும். அதன்பிறகு கூட்டைத் தேடப் போகலாம். பழ மார்க்கெட்டில் பூவன் பழம் எல்லா மாதங்களிலும் கிடைக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் சென்றால் கறுத்த பழத்துக்குக் கடைக்காரர்கள் காசு கேட்பதில்லை.